சட்டை போடாத ராஜாக்களின் தேசம்

எனக்குப் பத்து வயதாகும்வரை இந்தியாவில் சட்டை போட்ட ஆண்கள் கிடையாது. ராஜா, மந்திரி, சேனாதிபதி, திண்ணையில் படுத்திருக்கும் வழிப்போக்கன் எல்லாரும் வெற்று மார்போடுதான் இருந்தார்கள். வசதி உள்ளவன் கழுத்தில் நாலு சரம் முத்து, இல்லாதவன் தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். வீடு என்றால் தூண் உண்டு, தூண் என்றால் அதில் சிற்பம் உண்டு. ஊருக்கு வெளியே காடு, காட்டுக்கு நடுவே பாழடைந்த கோயில், அதற்குள் ஒரு முனிவர். பஸ், தபால்காரர், அரசாங்க ஆஸ்பத்திரி எதுவும் இந்தியாவில் இல்லை. இவ்வளவு தகவலையும் நான் திரட்டியது பெட்டாலிங் ஜெயா ஓல்ட் டவுனில் ஒரு முடிவெட்டும் கடையின் பெஞ்சில் உட்கார்ந்துதான். ஆதாரம், அம்புலிமாமா. சாட்சி, அதில் படம் வரைந்த சங்கர்.

வீட்டில் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. அப்பா பிறந்தது கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் தாத்தா ஒருவர்தான். அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்து வரப்பு ஒன்றையும் கடன்காரன் ஒருவனையும் தவிர வேறெதையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். சினிமாவில் சட்டை போட்டிருந்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். சினிமாவெல்லாம் பொய் என்று அம்மா சொல்லியிருந்தாள். கையால் வரைந்த படம் பொய் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் ஜனநெரிசல் தாங்காமல் 1950களின் தொடக்கத்தில் எஃபிங்காம் எஸ்டேட் என்ற 1,200 ஏக்கர் ரப்பர் தோட்டத்தை அழித்து உண்டாக்கிய ஊர் பெட்டாலிங் ஜெயா. நான் அரைக்கால் சட்டையோடு திரிந்த காலத்தில் ஊருக்கு என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட. செம்மண்ணைக் கீறிக் கோடு போட்டது போல நேர்நேரான தெருக்கள். பெயர் யோசிக்கப் பொறுமை இல்லாமல் பல தெருக்களுக்கு எண்ணே பெயராயிற்று. வீட்டுக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட சில ரப்பர் மரங்கள் நின்றன, பால் எடுக்க ஆளில்லாமல். பேய் குடியிருக்க ஒரு இடிந்த மண்டபம்கூட இல்லாத ஊர் அது. எல்லாமே புதுசு, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு வாசனை. அப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளைக்குப் பழமை என்பது இறக்குமதிச் சரக்குதான், பெரிய வெங்காயம் மாதிரி அதுவும் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

வந்தது. ரஜூலா கப்பல் மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும், அப்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் இருந்த கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்துபோன காலம். எங்கள் கைக்கு எட்டும்போது இதழுக்கு வயசாகியிருக்கும். இரண்டு புகைப்படங்களைப் போட்டு, பொருத்தமான வாசகம் எழுதி அனுப்பினால் பரிசு என்று ஒரு போட்டி மாதாமாதம் வரும். அண்ணன் அருமையான வாசகங்கள் யோசிப்பான். கடைசித் தேதி எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் யோசிப்பதை அவன் நிறுத்தியதில்லை; பரிசு கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு கற்பனைக்கு ஒரு தனிச் சுதந்திரம் வந்துவிடுகிறது.

காசு கொடுத்து வாங்கியது கொஞ்சம். முடிவெட்டும் கடையில் படித்ததுதான் அதிகம். கடைக்கார மாமா ஸ்ரீ ஜெயா பஸ் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போகும்போதெல்லாம் குமுதம், கல்கண்டு, அம்புலிமாமா என்று ஒரு கட்டு வாங்கி வருவார். அவை வாடிக்கையாளர் படிப்பதற்கு மட்டும் அல்ல. சவரக்கத்தியில் ஒட்டும் சோப்பு நுரையைத் துடைக்கவும் அவருக்குத் தாள் வேண்டும், அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்துக்கொண்டு வருவது அவர் பழக்கம். இதனால் என் தலைமுறையில் ஓல்ட் டவுன் பையன்கள் சிலருக்கு வேதாளம் கேட்ட கேள்வி தெரியும், விக்கிரமாதித்தன் சொன்ன பதில் தெரியாது. பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்பது வேதாளத்தின் சட்டம். எங்களுக்குத் தெரியவே தெரியாது என்பதால் தலை பிழைத்தது. அந்தத் தலையைத்தான் மாமா குனியவைத்து, மிஷினை ஓட்டி, பின்கழுத்தில் பவுடர் அடித்து அனுப்புவார்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இப்போதே கண்முன் வந்திருக்கும். இரவு, சுடுகாடு, உருவிய வாளோடு நடந்துவரும் ராஜா, அவர் தோளில் நீளமான வெள்ளை முடி தொங்க ஒரு பிணம். வேதாளக் கதையின் தலைமாட்டில் எத்தனையோ வருஷம் வந்த படம் அது. மூலத்தில் வேதாளம் சொன்ன கதைகள் 25தான். அவை தீர்ந்த பிறகு எங்கெங்கோ உள்ள நாட்டுப்புறக் கதைகளையெல்லாம் தேடிப் பிடித்து அதன் வாயில் வைத்து, பல பத்தாண்டுகள் அதைப் பேசவைத்தார்கள். கதை மாறிக்கொண்டே இருந்தது, படம் மாறவில்லை. பயந்துகொண்டே பார்ப்போம், பார்த்துக்கொண்டே இருப்போம். வேதாளத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது ராஜாவின் முகம். அதில் பயமும் இல்லை, வீராப்பும் இல்லை. அப்பா டயர் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது இருக்குமே ஒரு களைப்பு, அந்தக் களைப்புத்தான் இருந்தது. நாளைக்கும் போக வேண்டும் என்று தெரிந்த முகம்.

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் வீட்டு வேலியோரம் நின்ற முருங்கை, காக்கா உட்கார்ந்தாலே கிளை முறியும் ஜாதி. அதில் ஏறாதே என்று அம்மா அடித்தே சொல்லியிருந்தாள். அப்படியிருக்க, ஒரு முழுப் பிணம் எப்படி முருங்கை மரத்தில் தொங்க முடியும்? அப்பாவிடம் கேட்டேன். பசியாறிக்கொண்டிருந்தவர் ரொட்டியைக் கோப்பியில் தோய்த்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு, “இந்தியா முருங்கை பலமா இருக்கும்டா” என்றார். அந்தப் பதில் எனக்குப் பல வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குள் இரண்டு கட்சி. நான் சங்கர் கட்சி, அண்ணன் அதே இதழில் வரைந்த சித்ராவின் கட்சி. அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர், சிவாஜி என்று பிரிந்து நிற்காத வீடு உண்டா, அதுபோலத்தான் இதுவும். சித்ராவின் கோடுகள் எளிமையானவை. அவருடைய அரக்கர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து மீகோரேங் வாங்கிக் கொடுக்கலாம் போலிருக்கும். சங்கரின் அரக்கனிடம் அந்த விளையாட்டெல்லாம் நடக்காது. அவன் உடம்பில் நரம்பு எங்கே ஓடுகிறது, தொடைச் சதை எப்படித் திரள்கிறது, காதில் தொங்கும் குண்டலம் எவ்வளவு கனம் என்பதெல்லாம் தெரியும். ‘ஒரு பொம்பளை வரையிற அளவுக்கு உன் ஆளுக்கு வராது’ என்று அண்ணன் மார்தட்டுவான். சித்ரா என்பவர் டி. வி. ராகவன் என்ற ஆண்பிள்ளை, எந்தப் பள்ளியிலும் ஓவியம் படிக்காமல் தானாகவே கற்றுக்கொண்டவர் என்று பின்னாளில் தெரிந்தபோது அண்ணனுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. இருந்தும் நான் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். சிறுவயதுச் சண்டையை வெல்லும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

பக்கத்து வீட்டு மலையாளத்துக் கிராணியார் வீட்டுக்கு அம்பிளி அம்மாவன் வரும். அதே மாதம், அதே ராஜா, அதே யானை, ஆனால் சுற்றிலும் ஜாங்கிரி பிழிந்த எழுத்து. முதன்முதலாக அதைப் பார்த்தபோது, எங்கள் ராஜாவைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். தெலுங்கிலும் தமிழிலும் 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கி, பிறகு பன்னிரண்டு மொழிகளையும் தாண்டிப் போன பத்திரிகை அது. ஒரே படத்தைச் சுற்றி ஒவ்வொரு மொழியும் தன் கதையை ஊற்றிக்கொள்ளும் என்ற ரகசியம் எங்களுக்கு எங்கே தெரியும்? கிராணியார் மகனும் நானும் இரண்டு இதழ்களையும் பக்கம் பக்கமாக வைத்து, மூக்குக்கு மூக்கு, வாளுக்கு வாள் ஒப்பிட்டு, கடைசியில் ராஜா இரண்டு வீட்டுக்கும் பொது என்று சமாதானமானோம். கிழியாத கடைசிப் பக்கம் அவர்கள் வீட்டில் இருந்தது. ஆனால் மலையாளத்தில்.

பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் தேங்காய் எண்ணெய் தடவினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதைப் படத்தின் மேல் வைத்து, பென்சிலால் ஓட்டி எடுத்தால் விக்கிரமாதித்தன் என் கொப்பிக்குக் குடிவருவார், கணக்குப் பாடத்துக்கும் எண்ணெய் ஏறும். அப்படியே நான் ஓவியனாகிவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். தெரிந்தது பாதி பலித்தது. படித்து முடித்து ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடக்காரனாகச் சேர்ந்தேன். வாழ்நாளில் பெரும்பகுதி நான் வரைந்தது லோங்காங். வீட்டு லோங்காங், கடைத்தெரு லோங்காங், அவை எல்லாம் போய்ச் சேரும் பெரிய லோங்காங். டிரேசிங் பேப்பரை விரித்து, ரோட்ரிங் பேனாவைக் குலுக்கி, மூச்சை அடக்கி ஒரு கோடு இழுக்கும்போதெல்லாம் அந்த எண்ணெய்த் தாள் வாசனை வரும். தவறிய கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுக்கத் தெரிந்தவனுக்கு அலுவலகத்தில் தனி மரியாதை இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இப்போது தவறான கோட்டை அழிக்க ஒரு விரல் போதும், ஆகவே தவறில்லாமல் கோடு போடத் தெரிந்தவனை யாரும் கூப்பிடுவதில்லை. லோங்காங் மட்டும் அப்போது போலவே இப்போதும் நவம்பர் மழையில் நிரம்பி வழிகிறது.

எண்பதுகளில் முதன்முதலாக மெட்ராஸ் போனேன். விமான நிலையத்துக்கு வெளியே வந்து பார்த்தால் அத்தனை பேரும் சட்டை போட்டிருந்தார்கள். அந்த மே மாத வெயிலிலும் பாலியெஸ்டர் சட்டை! சந்தமாமா பில்டிங்ஸ், வடபழனி, சென்னை 26 என்ற முகவரி என் வீட்டு முகவரியைவிட எனக்கு நன்றாக மனப்பாடம். தேடிப் போனது ஒரு பண்டிகை நாளாக அமைந்துவிட்டது, கதவு சாத்தியிருந்தது. எதிர்த்தாற்போல் டீ குடித்துக்கொண்டு, இந்தச் சுவருக்குப் பின்னால் எங்கோதான் சங்கரின் நாற்காலி என்று மயங்கி நின்றேன். நான் மலேசியாவிலிருந்து வருகிறேன் என்று கேட்டதும் கடைக்காரர், “கோடாலித் தைலம் இருக்கா சார்?” என்றார். இருந்தது. நம்மில் யார்தான் அது இல்லாமல் இந்தியா போனோம்? கொடுத்துவிட்டு வந்தேன்.

சட்டை போடாத ஆட்களை அன்று மாலை மெரினாவில் கண்டுபிடித்தேன். நாலு பேர், கோவணத்தோடு, பாறையை நெம்பித் தள்ளிக்கொண்டு, தசை புடைக்க. உழைப்பாளர் சிலை. சங்கர் வரைந்த முதுகுகள்தான், அட்டைப் படத்திலிருந்து இறங்கி வந்து நின்றது போல. எனக்கே சிரிப்பாக இருந்தது. பிற்பாடு அவருடைய பேட்டிகளைப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. தாராபுரம் பக்கம் காரத்தொழுவில் 1924இல் பிறந்த கே. சி. சிவசங்கரன், சிறுவயதிலேயே குடும்பத்தோடு மெட்ராஸ் வந்து, 1941இல் அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தபோது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாச் சிலையைச் செய்தவர் அவர்தான். அந்தப் பட்டறையில் மனித உடம்பைப் படித்துவிட்டு, கலைமகளில் சில வருஷம் வேலை பார்த்து, 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்திருக்கிறார் சங்கர். ஓல்ட் டவுன் பெஞ்சில் நான் இந்தியாவின் ராஜாக்கள் என்று நம்பியதெல்லாம் மெட்ராஸ் கூலிக்காரர்களின் தோள்கள். மேலே முத்துமாலை போட்டது மட்டும் சங்கரின் தயவு.

இங்கிலீஷ் படிக்கிற கூட்டாளிகள் அந்த நாளில் கோனன் புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அமெரிக்காவின் ஃபிராங்க் ஃபிராசெட்டா வரைந்த அட்டை. அவனும் சட்டை போடாதவன்தான். உடம்பும் நல்ல உடம்புதான், மறுக்கவில்லை. ஆனால் அவன் நிற்பதைப் பார்த்தால் யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிகிறது. விக்கிரமாதித்தனுக்கு அந்த நினைப்பே கிடையாது. அவருக்கு வேலை இருந்தது.

இப்போது எனக்கு இந்தியா முழுவதும் கைப்பேசியில் இருக்கிறது. வடபழனித் தெருவில் விரலாலேயே நடந்து போகலாம். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பஸ் வேண்டாம், தாமான் ஜெயாவில் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல். இறங்கினால் 2010இல் ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்த தெரு, வண்ண வளைவுகள், யானைகள் வைத்த நீரூற்று. அந்த யானைகளின் முகபடாமைப் பார்த்து, இதை வடித்தவரும் நம் ஆள்தான், அம்புலிமாமா படித்தவர்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். தெரு முழுக்க இந்தியா கிடைக்கிறது, ஆப்பம், வேட்டி, கைரேகை ஜோசியம் உட்பட. வேதாளக் கதை இருக்கிற கட்டு மட்டும் இல்லை. அம்புலிமாமா 2012 வாக்கில் நின்றுபோயிற்று, அதுவரை சங்கர் அங்கேதான் வரைந்துகொண்டிருந்தார். அறுபது வருஷம். ஓய்வு வயது நெருங்கியதும் நான் நாள்காட்டியை எண்ணிக்கொண்டிருந்தவன். அவர் 88 வயதுவரை ஆபீஸ் போயிருக்கிறார்.

என் பேரனுக்கு விக்கிரமாதித்தன் தெரியும் என்றான். சந்தோஷப்பட்டேன். விசாரித்தால், 2017இல் வந்த ‘விக்ரம் வேதா’. வேதாளம் என்றால் அவனுக்கு விஜய் சேதுபதி, கையில் வடை. நான் பழைய படத்தை வாயால் விவரித்தேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டே கைப்பேசியில் தட்டினான். நான் ‘சுடுகாடு’ என்று முடிப்பதற்குள் படம் வரைந்து கொடுத்துவிட்டது அது. ராஜாவுக்கு ஜிம்முக்குப் போன உடம்பு, வேதாளத்துக்குப் பளிச்சென்று பல், பின்னால் பௌர்ணமி நிலா, ஒவ்வொரு இலையிலும் வெளிச்சம். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை, மரம் மட்டும் ஏதோ ஐரோப்பிய மரம். “முருங்கை மரம் போடச் சொல்” என்றேன். போட்டது. கிளைகள் ஆளின் இடுப்பு கனத்துக்கு இருந்தன. அப்பா இருந்திருந்தால், பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேன் என்றிருப்பார்.

ராஜாவின் முகத்தில் களைப்பு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே கறுப்பு பூசிக் கொடுத்தது. இன்னும் கொஞ்சம் என்றோம். ஆள் நோயாளியாகிவிட்டார். பையனுக்கு அலுத்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

சங்கர் 2020 செப்டம்பர் 29 அன்று சென்னையில் காலமானார், 96 வயது. கோவிட் காலம், பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் கபசுரக் குடிநீர்ச் செய்முறைகளுக்கு நடுவே செய்தி வந்தது. உடனே ஒருவன் அந்தப் படத்தை அனுப்பினான். அடுத்து இன்னொருவன் அதையே அனுப்பினான். இரவு ஆவதற்குள் ஒரே படம் பத்துப் பதினைந்து முறை வந்திருந்தது, முன்னால் வந்ததை யாரும் பார்க்கவில்லையா, பார்த்தும் தங்கள் பங்குக்கு அனுப்பினார்களா தெரியவில்லை. நானும் அனுப்பினேன். மறுஆண்டு ஜனவரியில் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ அறிவித்தது. அறுபது வருஷமாக மாதம் தவறாமல் வேலை செய்தவருக்கு அரசாங்கம் நாலு மாதம் பிந்தி வந்தது. கடைசித் தேதி முடிந்த பிறகு இதழைக் கையில் வாங்கிப் பழகிய எங்களுக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்கார்ப் மால் பழம்பொருள் சந்தைக்குப் போவது என் ஓய்வுக்கால நோய். பழைய நாணயம், இசைத்தட்டு, ஓடாத கைக்கடிகாரம், யாருடைய பாட்டியோ உட்கார்ந்திருக்கும் புகைப்படம் எல்லாம் தரையில் பரப்பியிருக்கும். போன மாதம் ஒரு சீனர் கடையில், அவருக்கு என் வயதிருக்கும், மூன்று அம்புலிமாமா. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், ஆஸ்பத்திரிக் கண்ணாடி அறைக் குழந்தை போல. முடிவெட்டும் கடையில் நுரை துடைத்த அதே தாள். ஒன்று நாற்பது வெள்ளி என்றார். தமிழ் படிக்கத் தெரியுமா என்று மலாயில் கேட்டேன். தெரியாது, படத்தைப் பார்த்து வாங்கினேன், இது கையால் போட்டது, மிஷின் இல்லை என்று விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டினார். வாழ்நாளெல்லாம் கோடு போட்ட நான் அதைக் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டேன்.

பேரம் பேசத்தான் நினைத்தேன். அதற்குள் அவர், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓர் அங்கிள் வருவார், தோளில் பேயைத் தூக்கிப் போகிற ராஜா இருக்கிற புத்தகத்தை மட்டும் எடுப்பார், இன்றைக்கு இன்னும் காணோம் என்றார். மூன்றையும் எடுத்துக்கொண்டு, பணத்தை எண்ணி வைத்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். அந்த அங்கிள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஐயா, மூன்றில் இரண்டை உங்களுக்குத் தரச் சம்மதம், விலை பேசிக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் கடைசிப் பக்கம் கிழியாமல் இருக்கிறது, அதைக் கேட்காதீர்கள்.